உப்பளத்தில் நாலு நாள்

நாலாம் நாள் காலை, வீட்டுக்கார அக்கா டீத் தம்ளரை என் கட்டிலருகே வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் மாடி அறைகள் இரண்டை வாடகைக்கு விடும் முஸ்லிம் பெண்மணி அவர். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கீழே யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. உங்கூட வந்திருக்காங்களே பெரியம்மா, அவங்க தெனமும் காலையில எறங்கி வந்து எம்பேரு என்னான்னு கேக்குறாங்க. எத்தினி புள்ளைங்கன்னு கேக்குறாங்க. நானும் தெனம் மொதல்லேருந்து சொல்லிக்கினே இருக்கேன்." நான் சிரித்தேன். "சிஸ்டருக்கு வெளையாட்டு ஜாஸ்திக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வெளையாட்டு இல்லம்மா. எங்க மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சிஸ்டர் என்று நான் சொல்வது, சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் எங்கள் வார்டுக்குத் தலைமை செவிலியராக இருந்தவரை. அவருக்குக் கீழே இருபது வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் ஒருநாள் போன் செய்து, சென்னையிலிருந்து கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி வரை நடக்கப் போவதாகச் சொன்னார். "காலமெல்லாம் வார்டுக்குள்ளயே போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தாச்சுடி. ஒரு தடவையாவது நேரா நடந்துகிட்டே இருக்கணும். வர்றியா?" நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். முதல் ஒன்பது நாட்களைப் போல ஆனந்தமான நாட்கள் என் வாழ்வில் குறைவு. விடியற்காலையில் புறப்படுவோம், வெயில் ஏறும்போது ஏதாவது ஒரு ஊரில் ஒதுங்குவோம். இது எந்த ஊர் என்று அவர் வழியில் போகிறவர்களைக் கேட்பார். நானும்தான் கேட்டேன். அதில் சந்தேகப்பட என்ன இருந்தது?

புதுச்சேரி எல்லையிலுள்ள கனகசெட்டிக்குளம் தாண்டியபோதே என் வலது குதிகால் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. புதுச்சேரி வந்து சேர்ந்ததும் காட்டிய மருத்துவர், நாலைந்து நாளாவது நடக்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். ஓர் இரவு தங்குவதாக இருந்த ஊரில் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். காலையும் மாலையும் சிஸ்டரே புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். விரல்களில் சிறு தடுமாற்றம்கூட இல்லை. பஞ்சை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், துணியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைகளில் தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, முகமெல்லாம் மலர, "சாயங்காலம் ஆச்சுன்னா பீச் ரோட்ல வண்டியே விடறதில்லடி, நடக்கறவங்களுக்குன்னே விட்டுட்டாங்க!" என்றார். இரண்டாம் நாளும் அதையே, அதே வியப்போடு சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னார். அந்த இடம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் வெளியே போயிருந்தார். அவர் கட்டிலில், தலையணைக்கு அடியிலிருந்து சின்ன நோட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்தவர் நோட்டை எடுப்பது தப்பு என்று தெரிந்தே எடுத்தேன். நோயாளிகளின் குறிப்பேட்டை எழுதுவதைப் போலவே, அதே சாய்ந்த கையெழுத்தில், வரி வரியாக எழுதியிருந்தார். ஊர் புதுச்சேரி. வீடு பச்சைக் கதவு, கடலிலிருந்து வந்தால் இரண்டாவது திருப்பம். அதற்குக் கீழே என் பெயர். 'கூட வந்திருப்பவள். என் வார்டில் இருபது வருடம் இருந்தவள். வலது குதிகால் புண். கட்டு காலை, மாலை.'

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. தெருவில் யாரோ மீன் கூவிப் போன சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. நானும் செவிலிதான். எத்தனையோ பேரின் வீட்டாரிடம், "இவ்வளவு நாளா நீங்க கவனிக்கவே இல்லையா?" என்று கேட்டிருக்கிறேன்.

வாசலில் நிழல் தட்டியது. சிஸ்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா சிஸ்டர்?"

"ஒரு வருஷம் இருக்கும். டாக்டர்கிட்ட போகல. போனா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாதா?" நோட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "நடக்கறப்ப ஒண்ணும் தெரியலடி. தினமும் புது ஊரு. யாரையும் எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. ஒரே ஊர்ல தங்குனதும் மாட்டிக்கிட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன்கிட்ட சொல்லாத. கால் ஆறுனதும் போயிடலாம். கன்னியாகுமரி வரைக்கும் மட்டும்" என்றார்.

அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் குளிக்கப் போன நேரத்தில் சென்னையில் இருக்கும் அவர் மகனுக்குப் போன் செய்துவிட்டேன். ஏதோ ஒரு நாள் அவர் வழி தெரியாமல் எங்காவது நின்றுவிட்டால் என்ற பயத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

மதியத்துக்குள் மகன் காரில் வந்துவிட்டார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. "அம்மா, இது எந்த ஊரு? இவங்க யாரு? இங்க வந்து எத்தனை நாளாச்சு?" சிஸ்டர் மூன்றுக்கும் தட்டாமல் பதில் சொன்னார். மகனின் முகம் சிவந்தது. "எங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க? ஏன் இப்படி இல்லாததச் சொல்லிப் பயமுறுத்துறீங்க?" என்று என்னிடம் திரும்பினார். சிஸ்டர் அதோடு விட்டிருந்தால் அவர் விரும்பியபடியே மேற்கொண்டு நடந்திருக்கலாம்.

"அவளத் திட்டாதடா" என்றார் சிஸ்டர். நோட்டை எடுத்து மகனிடம் நீட்டினார். "நீ வர்றேன்னு இவ சொன்னதும் இதப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். அவ சொல்றதுதான் நிஜம்."

மகன் நோட்டைப் பிரித்து, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனோடு மாடிக்கு வந்திருந்த வீட்டுக்கார அக்கா முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரக் கீழே போனார்.

அன்றே மூவரும் காரில் சென்னைக்குத் திரும்பினோம். இப்போது சிஸ்டருக்கு என் பெயர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போனால், யாரோ நல்லவள் வந்திருக்கிறாள் என்கிற முகத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். ஒவ்வொரு வாரமும் இதுவரை போகாத தெருவாகப் பார்த்து அழைத்துப் போகிறேன். "இது எந்த ஊரும்மா?" என்று கேட்கிறார். "நானும் இப்பத்தான் வர்றேன் சிஸ்டர், யாரையாவது கேப்போம்" என்கிறேன். இருவருமாக நடக்கிறோம்.