டீச்சர் வீடு ஸ்டாப்பிங்

பொறாமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் பொறாமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் என்னுடையதைச் சொல்கிறேன். நாலைந்து வருடம் வேளாவேளைக்கு ஆக்கிப்போட்டு வளர்த்தது அது. அதன் குணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனோம். இப்போதுபோல ஆபீசும் கட்டடமுமாக அப்போது எதுவும் கிடையாது. ஏரி, கம்பங்கொல்லை, நடுவில் வேலூர் ரோடு, அவ்வளவுதான். ரோட்டோர நிலத்தை ஒருவர் மனை பிரித்துக் கல் நட்டு, தன் மனைவி பெயரை வைத்து இன்ன நகர் என்று தகரப் பலகை மாட்டினார். அந்த அம்மாளை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தேரடித் தெருவில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே நாட்டு ஓடு. எலி வளையானாலும் தனி வளை என்று குடிவந்தோம். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் நேராகத் தீபம் ஏற்றுகிற மலை. அதற்காகவே அந்த ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக வைக்கச் சொன்னேன்.

எங்கள் நகருக்கு ஒரு சாபக்கேடு. நகராட்சியின் எல்லைக்கல் எங்களுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னாலேயே நட்டிருக்கும். தெருவிளக்கு அந்தக் கல்லோடு நின்றுபோகும், குழாயும் அப்படியே. நகராட்சியில் போய்க் கேட்டால் பஞ்சாயத்தைப் பாருங்கள் என்பார்கள். பஞ்சாயத்தில் கேட்டால், நீங்கள்தான் டவுன்காரர்கள் ஆயிற்றே என்று சிரிப்பார்கள். ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தபோது நான்தான் மனு எழுத உட்கார்ந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், கையெழுத்தும் குண்டு குண்டாக இருக்கும். அச்சகத்தில் வெட்டிப்போட்ட காகிதம் இருக்கவே இருந்தது. கார்பன் வைத்து இரண்டு படி எழுதி, ஒன்றை அனுப்பிவிட்டு ஒன்றை பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பேன். நாலாவது மனுவில் தெருமுனைக்கு ஒரு விளக்கு வந்தது. விளக்கு எரிந்த அன்று ஜனங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, என்னால்தான் வந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ஏறிய கிறுக்கு எனக்குப் பிறகு இறங்கவே இல்லை.

"ஒனக்கு மனு எழுதலேன்னா சோறு எறங்காதுடி" என்பார் என் வீட்டுக்காரர்.

அடுத்து பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்படும் டவுன் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும், ஆனால் நிற்காது. ஏரிக்கரையில் இறங்கித் திரும்பி நடக்க வேண்டும். லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு, கையில் பை, இடுப்பில் பிள்ளை. எங்கள் நகர் முகப்பில் ஒரு நிறுத்தம் வேண்டும் என்று எழுதினேன், எழுதினேன், மூன்று வருடம் எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். அதையும் டின்னில் போடுவேன்.

மூன்றாவது வருடம் டீச்சர் வந்தாள்.

எங்களுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த காலி மனையை வாங்கினாள். அவள் புருஷன் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருந்தார். நகரிலேயே முதல் மாடி வீடு அவளுடையது. மாடி எழும்ப எழும்ப என் ஜன்னலில் மலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது, கடைசியில் உச்சியும் போய்ச் செங்கல் சுவர்தான் மிச்சம். தெருவுக்கு வந்தால் மலை தெரியும்தான். ஆனால் குழம்பு கொதிக்கும்போது பார்க்கிற மலை வேறு. அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று தெருவையே தன் மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். மேலே அரோகரா என்று எல்லோரும் கத்துவது கேட்டது. நான் அடுப்படியில் அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கெட்டவளாக இருந்தாலாவது மனசு ஆறும். அவளோ மெதுவாகப் பேசுவாள், அக்கா அக்கா என்பாள், குழம்பு கொடுத்த கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். குறை சொல்ல இடம் தராதவளைப்போல எரிச்சல் மூட்டுகிறவள் உலகத்தில் கிடையாது.

அவள் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டீச்சர் கைப்பை, குடையோடு தெருமுனையில் போய் நின்றாள். டவுன் பஸ் வந்தது. இங்கே நிற்காது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. குடையை உயர்த்தினாள். பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வணக்கம் டீச்சர், இங்கியா குடி வந்துட்டீங்க?" என்றார். டிரைவரின் மகள் அவள் வகுப்பில் படிக்கிறதாம். என் மூன்று வருட மனுவுக்கு நிற்காத பஸ் ஒரு குடைக்கு நின்றது. நான் இலையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டை ஆய்ந்து வைத்திருந்தேன், சமைக்கும்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் நாலு பேர் அவளோடு நின்றார்கள், அதற்கடுத்த வாரம் பத்துப் பேர். நிற்கிற இடத்துக்கு ஒரு பெயர் வேண்டுமே. கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டு, "டீச்சர் வூடு எறங்கு! டீச்சர் வூடெல்லாம் முன்னாடி வா!" என்று கத்த ஆரம்பித்தான். வாயில் வந்த பெயர் ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது. நானும் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தேன். ஸ்டாப்பிங் பெயரைச் சொல்லாமல் காசை நீட்டுவேன். "டீச்சர் வூடா?" என்று அவனே கேட்பான். தலையை ஆட்டுவேன்.

என் தங்கச்சி போளூரிலிருந்து கடிதம் போட்டாள், "டீச்சர் வீடு ஸ்டாப்பிங் எதிரில்" என்று விலாசத்தில் எழுதி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்து, என் வீட்டுக்காரர் அழைப்பிதழைத் தன் கையாலேயே அச்சுக்கோத்துக் கொண்டுவந்தார். கடைசி வரியில் அதே டீச்சர் வீடு, தடித்த எழுத்தில்.

"இன்னாது இது?" என்றேன்.

"வர்ற ஜனம் வழி தெரியாம அலையணுமா? பஸ்ஸு எங்க நிக்குதோ அதைத்தான் போட முடியும்."

"நம்ம வூட்டு விசேஷத்துக்கு அவ வூட்டு பேரா?"

"ஒன் மனுவுக்கு பஸ்ஸு நின்னிருந்தா ஒன் பேரையே போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் மனு எழுதினேன். "மேற்படி நகர் முகப்பில் உள்ள பேருந்து நிறுத்தம் தனிநபர் பெயரால் அழைக்கப்பட்டு வருவதால் பொதுமக்களுக்குக் குழப்பம் ஏற்படுகிறது. எனவே நகரின் பெயரையே நிறுத்தத்துக்குச் சூட்டிப் பெயர்ப்பலகை வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." மனை விற்றவரின் மனைவி பெயர் பஸ்ஸில் ஒலித்தால் எனக்குச் சம்மதம். அவள் யாரோ. பக்கத்து வீட்டுக்காரி பெயர்தான் ஆகாது. அப்போதெல்லாம் பஸ் விவகாரம் என்றால் வேலூரில் இருந்த போக்குவரத்து ஆபீசுக்குத்தான் எழுத வேண்டும். பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து வேலூரிலிருந்து ஒரு ஜீப் வந்து தெருமுனையில் நின்றுவிட்டுப் போனது. மறுநாளிலிருந்து பஸ் நிற்கவில்லை. டீச்சர் குடையைத் தூக்கினாள். டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்குப் பதில் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தம் எதுவும் அனுமதிக்கப்படவில்லை, அனுமதி இல்லாமல் பஸ் நிறுத்தப்படுவதை உங்கள் மனுவின் மூலம் அறிந்து நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். சட்டப்படி சரிதான். டிரைவரின் தயவில் நின்ற பஸ்ஸை நான் எழுதிக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கையால் கெட்டேன். கடிதத்தை டின்னின் அடியில் வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீச்சர் நோட்டுக் கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மழையில் ஏரிக்கரையிலிருந்து நடந்து வருவதை வாசல் பக்க ஜன்னலில் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள், பின்தெருவில் நிறைமாதமாக இருந்த பெண் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு நடந்து வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

"எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ தெரியலைக்கா. அவங்க நல்லா இருப்பாங்களா?" என்றாள்.

சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தாள். "அக்கா, எல்லாரும் சேர்ந்து ஒரு மனு போடலாம். நீங்கதான் எழுதணும். ஒங்க அளவுக்கு யாருக்கும் எழுத வராதுங்க."

எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல மனு அதுதான். நடக்கிற தூரம், லாரி, பிள்ளைத்தாய்ச்சி எல்லாம் வைத்து எழுதினேன். அவள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கப் புறப்பட்டாள். "மொதல் கையெழுத்து ஒங்களுதுதான்க்கா" என்று பேனாவை நீட்டினாள். என் பெயரை வேலூரில் மறுபடி யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று எனக்குப் பயம். "நீங்க போடுங்க டீச்சர், படிச்சவங்க பேரு மேல இருந்தா மதிப்பு" என்றேன். கடைசிப் பக்கத்தில், கைநாட்டுகளுக்கு நடுவே, புரியாத மாதிரி கிறுக்கி வைத்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். அரசாங்கக் கடிதம் வாங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், பொருள் என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே பார்வை என்று ஒன்று இருக்கும். அந்த விஷயமாக யார் யார் எப்போது மனு போட்டார்கள் என்று பெயரோடு வரிசையாக அதில் போடுவார்கள். பதிலோ முதல் கையெழுத்துக்காரருக்குப் போகும். டின் நிறையக் கடிதம் வைத்திருந்த எனக்கு இது தெரியாதா? அன்றைக்குத் தோன்றவில்லை.

பதில் வந்த அன்று சாயங்காலம் நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சாங்ஷன் ஆயிடுச்சுக்கா" என்று கடிதத்தைக் கொடுத்தாள்.

படித்தேன். பார்வை ஒன்று: என் பெயர், என் கதவு எண், நிறுத்தத்தின் பெயரை மாற்றக் கோரும் மனு. பார்வை இரண்டு: டீச்சரும் மற்றவர்களும். அவள் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"போர்டுல இன்னா பேரு எழுதணும்னு கேட்டிருக்காங்க. நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. ஒங்க எழுத்துதான் அவங்களுக்குப் பழக்கம்."

"டீச்சர், இதை யார்கிட்டயாச்சும் காட்டினீங்களா?"

"எதைக்கா?" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். விளக்கு யாரால் வந்தது, மூன்று வருடம் யார் எழுதியது, என் மலையை மறைத்தது யார் என்று கேட்க எவ்வளவோ வைத்திருந்தேன். அவள் ஒன்றையும் கேட்க விடவில்லை. காகிதம் எடுத்துவந்து அவள் முன்னாலேயே உட்கார்ந்தேன். டீச்சர் வீடு என்று எழுதுவதுதான் நியாயம். அது எனக்குத் தெரியும். பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் தேதி போட்டேன். பிறகு நகரின் பெயரைத்தான் எழுதினேன், நாங்கள் யாரும் பார்த்திராத அந்த அம்மாளின் பெயரை, குண்டு குண்டாக.

டீச்சர் வாங்கிப் படித்தாள். "இதான்க்கா சரி" என்றாள். காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலூர்க் கடிதத்தை என் முறத்திலேயே விட்டுவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.

மாடியைப் பார்த்துப் பட்ட பொறாமை, நாங்கள் மேலே ஓர் அறை எடுத்தபோது போய்விட்டது. பஸ்ஸைப் பற்றியதும் போயிற்று. அன்றைக்கு அவள் கேட்டைச் சாத்திய விதத்தைப் பார்த்துப் பட்டது மட்டும் போகவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.