துப்பாக்கி போர்த்திய கம்பளி

ராசிபுரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி விரட்டுவதுதான் கஸ்பாரின் பிழைப்பு. நிலக்கடலைக் காட்டைக் காத்துக் கொடுத்தால் காட்டுக்காரர்கள் தானியம் அளப்பார்கள். அதற்கு ஆதாரம் அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அதன் லைசென்ஸும். லைசென்ஸ் போனால் பிழைப்பும் போச்சு, அவ்வளவுதான்.

அந்தத் துப்பாக்கி மேல் மனிதருக்கு இருந்த பாசத்தைச் சொல்லி மாளாது! ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால், வீட்டிலிருந்த ஒரே கம்பளியை எடுத்துப் பச்சைப் பிள்ளைக்குச் சுற்றுவதுபோல் சுற்றிவைப்பார். கொட்டுகிற மழையில் ஆடு மேய்க்கிறவனையே காக்கிற கம்பளி துப்பாக்கியைக் காக்காதா? அது அவர் கணக்கு. மனைவி இன்னாசிமேரிக்கு அந்த மாதங்களில் மூச்சிழுப்பு வரும். பழைய சேலையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு கிடப்பாள்.

"ஏனுங்க, அருவாளை நான் கம்பளியிலயா சுத்தி வெக்கறேன்? தொடச்சு எண்ணெய் போட்டு ஆணியில மாட்டறேன். இரும்புன்னா இரும்புதானுங்க" என்பாள்.

"அருவாளும் துப்பாக்கியும் ஒண்ணா? போ புள்ள, வேலையப் பாரு."

தோட்டா மட்டும் அவள் பொறுப்பு. அந்தக் காலத்து அட்டைத் தோட்டா ஈரம் பட்டால் ஊதிப்போகும், குழலுக்குள் நுழையாது. அதனால் மூடி இறுகின பிஸ்கட் டப்பாவில், ஈரத்தை இழுக்கச் சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் துணியில் முடிந்து கூடவே வைப்பாள். கல் பொடிந்தால் வேறு மாற்றுவாள். டப்பா அடுப்புக்கு எட்டாத உள்ளறைப் பெட்டியில் இருக்கும். பூட்டின சாவி அவள் இடுப்பில்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் அடைமழை. மழை விட்ட மார்கழியில், லைசென்ஸ் புதுப்பிக்க எல்லாவற்றையும் ராசிபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். ஏட்டையா டப்பாவைத் திறந்து ஒரு தோட்டாவை உருட்டிப் பார்த்தார்.

"பலே! சொட்டு ஈரமில்லை. யாரு வெச்சது?"

"ஊட்டுக்காரிங்க."

அப்புறம் கம்பளியைப் பிரித்தார். குழல் முழுக்கச் செந்துரு.

"இத யாரு வெச்சது?"

"நானுங்க" என்றார் கஸ்பார்.

"அட மனுசா! கம்பளி ஈரத்தைக் குடிச்சுட்டு உடாம வெச்சிருக்குமே. தொடச்சு, மிசின் எண்ணெய் லேசாத் தடவி, காத்தோட்டமான அலமாரியில பூட்டி வையுங்க. பத்து நாள்ல சுத்தமாக் கொண்டாரலீன்னா லைசென்ஸ் கிடையாது."

பத்து நாளும் தேய்த்தார், தேய்த்தார், கை தோலுரியத் தேய்த்தார். துணி போதவில்லை. இன்னாசிமேரி, தான் போர்த்துகிற சேலையையே கிழித்துக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் லைசென்ஸில் முத்திரை விழுந்தது. அப்பாடா என்று வீடு வந்தவர், துப்பாக்கியைப் பூட்டிவிட்டுக் கம்பளியை அவளிடம் நீட்டினார்.

"இந்தா புள்ள, துப்பாக்கிக்கு இது ஆகாதாம். இனி நீ போத்திக்க."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏழு மழைக்காலமுங்க. அதுக்கு ஆகாதுன்னு ஏட்டையா சொன்னதுக்கப்புறந்தான் எனக்கு வருதா?"

 கஸ்பாருக்கு வெட்கமாக இருந்தது. கம்பளியில் துருநாற்றம் அடித்தது. இன்னாசிமேரி அதை ஒருமுறை உதறிவிட்டுப் போர்த்திக்கொண்டாள்.