ஆடித் தண்ணீரைத் தேடி ஒக்கவாங்கோவுக்கு

என் தங்கை அன்புக்கரசி கணபதியில் ஒரு பம்புசெட் பட்டறையில் இருபத்தாறு வருடமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறாள். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு யாரிடமும் காரணம் சொன்னதும் இல்லை. கம்பி சுற்றுவது பெண்கள் வேலை, சுற்றிய மோட்டாரைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது ஆண்கள் வேலை என்று அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சேர்ந்த மூன்றாம் வருடம் இவள் போய்ச் சங்கிலியைப் பிடித்து மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள். "நான் சுத்துனத நானே பாக்கோணுமுங்க" என்றாளாம். இன்றைக்கும் அவள் பார்த்துத் தலையாட்டாமல் அங்கிருந்து ஒரு மோட்டார் வெளியே போவதில்லை.

போன தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை காரமடையில் என் வீட்டுக்கு வந்தாள். நான் தையல் மிஷினில் இருந்தேன்.

"அக்கா, நான் ஆப்பிரிக்கா போறனுங்க."

"எதுக்கு கண்ணு, பம்பு மாட்டவா?"

"இல்லீங்க. தண்ணி பாக்க."

போனைக் காட்டினாள். போட்ஸ்வானா என்ற நாட்டில் ஒக்கவாங்கோ என்று ஓர் ஆறு. அது கடலுக்குப் போவதில்லை. பாலைவன மணலில் விரல் விரித்த மாதிரி பிரிந்து, கோரையும் அல்லியுமாக நின்று, அங்கேயே தீர்ந்துவிடுகிறது. யானைகள் வயிறு நனைய நடக்கின்றன. ஒல்லியான படகு ஒன்று, பின்னால் ஒரு ஆள் நின்று கோலால் தள்ளுகிறார். "இதுல உக்காரோணுமுங்கக்கா. ஒருக்காத்தான் போக முடியும். தண்ணியோட போகோணும்."

எனக்கு அது உடனே புரிந்தது. எங்கள் அம்மா மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்பில் கூலி வேலை பார்த்தவர். நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போவோம். நிழலும் வாய்க்காலும் ஆளை இழுக்கும். வாய்க்காலில் காலை வைத்தால் போதும், மேஸ்திரி தூரத்திலிருந்தே "காலை எடு புள்ள" என்று கத்துவார். நானும், எனக்குத் தம்பியும் அவளுக்கு அண்ணனுமான அங்கப்பனும் உடனே எடுத்துவிடுவோம். இவள் மட்டும் அவர் கிட்டே வரும்வரை நின்றிருப்பாள்.

நான் எட்டாவது வரை படித்தவள். ஆனாலும் எதையும் எழுதிப் பார்க்காமல் செய்ய மாட்டேன். நோட்டில் கோடு போட்டு மூன்று இடங்களை எழுதினேன். சோபே, மொரேமி, ஆறு விரல் விரிக்கும் வடிநிலத்தின் ஓரத்தில் ஊர்க்காரர்கள் படகு தள்ளும் இடம். சோபேயில் யானைக் கூட்டம், கூரை போட்ட பெரிய படகு. மொரேமி காட்டில் பெரும்பாலும் ஜீப். மூன்றாவதில்தான் அவள் கேட்ட படகு. எந்த மாதம் என்ற கட்டத்தில் ஜனவரி என்று போட்டேன். அங்கே மழைக்காலம் அதுதான். முப்பது வருடமாக இரண்டு முறை அளக்காமல் துணியில் கத்தரி வைத்ததில்லை. இதை மட்டும் அளக்காமல் எழுதிவிட்டேன்.

மூன்று பேருமாகக் காந்திபுரத்தில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் லட்சுமணசாமியிடம் போனோம். அங்கப்பன் காய்கறி லாரி ஓட்டுபவன். ஒற்றைப் பெண்ணை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதா என்று வழியெல்லாம் முணுமுணுத்தான்.

"சோபே போங்க அம்மணி," என்றார் லட்சுமணசாமி. "ஆனையை எண்ணி மாளாது. ஓட்டல்ல நீச்சல் குளம் இருக்குதுங்க. பொங்கலுக்கு முன்னால பன்னண்டு பேரு கெளம்பறாங்க. நம்ம சமையல்காரரே கூட வாரார், காலைல சுடச்சுட இட்லி."

"இட்லி இங்கியே கெடைக்குதுங்களே. அந்தச் சின்னப் படகைச் சொல்லுங்க."

"அது தவிட்டுத் தொட்டியாட்டம் இருக்குமுங்க. அசைஞ்சா கவுந்துரும். பக்கத்துல நீர்யானை. ராத்திரிக்கு வெறும் கூடாரம். அதெல்லாம் வெள்ளைக்காரங்க போறதுங்க, உங்களுக்கெதுக்கு?"

"எங்களுக்குன்னா, யாருக்குங்க?"

அவர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினார். அங்கப்பன் மின்விசிறியைப் பார்த்தான்.

"அங்க ஊர்ச் சனமே சங்கம் வெச்சுப் படகு தள்றாங்க," என்றாள் இவள். "பொம்பளைங்களும் தள்றாங்க. அவங்க படகுலதான் போவேன். நீங்க விமான டிக்கெட் மட்டும் போட்டுக் குடுங்க, போதும். ஜூன் கடைசி."

லட்சுமணசாமி சிரித்துவிட்டார். "ஜூன்லயா? அங்க அப்ப ஒரு சொட்டு மழை கெடையாதுங்க அம்மணி. மணல்லதான் படகு தள்ளோணும்."

அங்கப்பனுக்குப் பேச இடம் கிடைத்துவிட்டது. "அக்காளே ஜனவரின்னுதான் எழுதியிருக்குது. காட்டுங்கக்கா."

நோட்டை விரித்தேன். தங்கை அதைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, ஆடிப் பதினெட்டுக்கு வருசா வருசம் பவானில முங்கி எந்திரிச்சமே, ஒரு வருசமாச்சும் அன்னிக்கு மேட்டுப்பாளையத்துல மழை பேஞ்சுதுங்களா?"

பெய்ததாக எனக்கு நினைவில்லை. ஆடியில் எங்கள் ஊரில் காற்றும் வெயிலும்தான். மழை மேலே நீலகிரியில் பெய்யும். கீழே காய்ந்த மண்ணில் நாங்கள் நிற்க, ஆறு கலங்கலாகக் கரை முட்டி வரும். அந்தக் கரையில் முளைப்பாரி விட்ட நான் அதை மறந்துவிட்டு, மழை பெய்த இடத்திலேயே ஊறும் கிணற்றை நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

"அதே கதைதானுங்க," என்றாள். "மழை ஜனவரில மேல அங்கோலா நாட்டு மலைல பெய்யுது. கோரைக்குள்ள, மணலுக்குள்ள பூந்து, மெதுவா எறங்கி போட்ஸ்வானாவுக்கு வர ஜூன் ஆயிருது. பத்து வருசத்துத் தண்ணி மட்டத்தைப் பாத்துப்போட்டேன். சில வருசம் பிந்துது. வராம இருந்ததில்லை."

"பிந்துனா?" என்றான் அங்கப்பன். "பட்டறைல குடுத்தது ரெண்டே வாரம் லீவு. தண்ணி வரலைன்னா போன காசும் போச்சு, லீவும் போச்சு."

"நிப்பேன்."

நான் ஸ்கேல் வைத்து ஜனவரியை அடித்தேன். பக்கத்தில் ஜூன் என்று எழுதினேன். லட்சுமணசாமி, தண்ணீர் வராவிட்டால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார். கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

படகுச் சங்கத்துக்கு அவளே எழுதினாள், போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து. நீலமும் கறுப்பும் ஒருவகைக் கடி ஈயை இழுக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். மண் நிறத்தில் நான்கு சுடிதார் தைத்தேன், இரண்டு பக்கமும் பை வைத்து.

ஜூன் இருபத்தாறாம் தேதி போய் இறங்கினாள். மறுநாள் போனில் பேசினாள். இந்த வருடம் தண்ணீர் பிந்திவிட்டது. படகுத் துறையில் வெறும் மணல். படகுக்காக வந்திருந்த மற்றவர்களை ஜீப்பில் மொரேமிக்கு மாற்றிவிட்டார்கள். இவளுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள்.

"நீ போவலையா கண்ணு?"

"தண்ணிக்குத்தானுங்க வந்தேன்."

ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். அங்கப்பன் தினமும் லோடு இறக்கிவிட்டு என் வீட்டுக்கு வந்தான். "நாஞ் சொன்னனா இல்லையா? ஜீப்புல ஏறிச் சிங்கத்தையாச்சும் பாத்திருக்கலாம்." நான் பொத்தானுக்குக் காஜா எடுப்பதை நிறுத்தவில்லை. அவளுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. நாள்களை நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கப்பன் சாப்பாட்டுத் தட்டோடு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். முதலில் வானத்தைக் காட்டினாள். ஒரு மேகம் இல்லை. பிறகு போனைக் கீழே திருப்பினாள்.

காய்ந்த மணல். அதன் மேல் ஒரு சாண் அகலத்துக்கு நுரையும் சருகும் பூச்சிகளுமாக ஏதோ ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பின்னால் கொக்குகள் பொறுக்கிக்கொண்டே நடந்தன. தண்ணீர். எறும்பு நகர்கிற வேகம்தான் இருக்கும். குழியில் இறங்கி, நிரப்பி, மறுபடி வந்தது. யாரோ ஒரு பெண் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. படகு தள்ளுகிறவராம். நாளைக்குப் படகு மிதக்கும் என்றாராம்.

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அதற்கு முன்னால் வைத்தாள்.  தண்ணீர் விரல்களைத் தொட்டது, இரண்டாகப் பிரிந்தது, பாதத்தைச் சுற்றி வந்து மூடியது.

"அடப் பாவத்தே," அங்கப்பன் கத்தினான், "மொதலை கிதலை வந்துரப் போவுது, காலை எடு புள்ள!"

"எடுக்க மாட்டனுங்கண்ணா," என்றாள்.