எண்ணூறு குழந்தைகள் உட்கார்ந்த அறை

போன வருடம் ஜூன் மாதம். குழந்தைக்காக விட்டிருந்த வேலையில் நான் மறுபடி சேர்ந்த புதிது. கட்டடங்களுக்குள் சூடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லும் அலுவலகம், அடையாறில். மயிலாப்பூரில் என் மகள் படிக்கும் ப்ளே ஸ்கூலே எங்களிடம் வந்தது. வகுப்பறைக்கு ஏ.சி. வேண்டுமா, கூரையை மாற்றினால் போதுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை என் கைக்கே வந்தது.

சுவர், கூரை, ஜன்னல், உள்ளே இருக்கும் ஆட்கள் என்று எல்லா விவரத்தையும் கணினியில் கொடுத்தால், எந்த நேரத்தில் அறைக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று அது சொல்லிவிடும். சொன்னது. இரவில் இருபத்தெட்டு டிகிரி. காலை பதினோரு மணிக்கு எழுபத்தொன்று. சாயங்காலம் மறுபடி முப்பது.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். என் மகள் அப்போது அந்த அறையில்தான் இருந்தாள்.

கூரையின் கனத்தைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், சென்னை வெயில் கணக்கைப் பார்த்தேன். எல்லாம் சரி. எழுபத்தொன்று இல்லாவிட்டாலும் ஐம்பதாவது இருக்குமோ என்று மனசு பேரம் பேசியது. தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டேன். "மேடம், பசங்களை உடனே ரூமை விட்டு வெளியே கூட்டிட்டு வந்துடுங்க!"

இன்ஜினீயர் சொல்கிறாளே என்று அவரும் அப்படியே செய்துவிட்டார். நான் தெர்மாமீட்டரும் லேப்டாப்புமாக ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, இருபது குழந்தைகளும் தாழ்வாரத்தில் ஒரே கும்மாளம். என் மகள் யாருடைய பிஸ்கட்டையோ தின்றுகொண்டிருந்தாள். அறைக்குள் முப்பத்துமூன்று டிகிரி.

"இன்னாமா, உள்ள நெருப்பா கீது? நான் காலைலேர்ந்து இங்கதான கீறேன்" என்றார் ஆயா.

குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். இதுவரை திரும்பச் சரிபார்க்காமல் விட்டது, ஆட்கள் எத்தனை என்ற பக்கம் மட்டும்தான். அறைக்கு இருபது பேர் என்று போட்டிருந்தேன். அந்தக் கட்டம் கேட்டதோ, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்று! நாற்பது சதுர மீட்டர் அறை. என் கணக்கில் தினமும் ஒன்பது மணிக்கு எண்ணூறு குழந்தைகள் வந்து, தங்கள் உடம்புச் சூட்டாலேயே அறையைக் கொதிக்க வைத்துவிட்டு, மதியம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மென்பொருளில் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் அப்புறம் என் அறிக்கையை யார் நம்புவார்கள்? தலைமை ஆசிரியை எதிரிலேயே நின்றார். உள்ளதைச் சொன்னேன்.

"எண்ணூறா?" என்றார். சற்றுக் கழித்து மறுபடி, "எண்ணூறா?"

"இருபது மூக்கு தொடைக்கவே எனக்குக் கை பத்தல, எண்ணூறாம்!" என்று ஆயா தலையில் அடித்துக்கொண்டார்.

"சரிம்மா, திருத்திட்டு ரிப்போர்ட் குடுங்க. ஆனா இவங்களைத் திரும்ப உள்ள உட்கார வைக்கிறதும் உங்க வேலைதான்" என்றார் தலைமை ஆசிரியை. அதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. கணக்கைத் திருத்த அரை நிமிடம்.

இப்போதெல்லாம் என்னைப் பயமுறுத்தும் எதைப் பார்த்தாலும், அதில் நானாகச் சேர்த்தது எவ்வளவு என்று முதலில் தேடுகிறேன். பாதி பயம் அங்கேயே அடங்கிவிடுகிறது, மீதிப் பாதிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.