பத்துக் குடம் அபராதம்

எங்கள் சேவா சங்கம் மாவட்டக் கேடயம் வாங்கிய கதையை நான் சொன்னால்தான் சரியாக வரும். சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்காரர். அவர் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அடக்கம் வந்து மீதியை விழுங்கிவிடுவார். எனக்கு அந்தக் குணம் கிடையாது. இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார்ந்து பேச முடியாது, எழுந்து நின்றுதான் பேச வரும்.

நான் கல்யாணமாகி நகரிப் பக்கத்து ஊருக்கு வந்தது, ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்த சமயத்தில். என் பிறந்த ஊர் திருத்தணிக்குப் பக்கம். அப்போது இரண்டுமே சித்தூர் மாவட்டம்தான். வீட்டுக்குள் பேசுவது தமிழ், சந்தையிலும் தாலுகா கச்சேரியிலும் தெலுங்கு. எந்த மாநிலத்தோடு நாம் இருக்க வேண்டும் என்பதில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. காலையில் கூழ் குடிப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள்.

சங்கத் தலைவர் ஆந்திராக் கட்சி. அவர் நெல் விற்பது புத்தூரில், பெண் கொடுத்தது திருப்பதியில். எங்கள் ஊர்த் தையற்காரர் மெட்ராஸ் கட்சி. அவருடைய மெஷின் வந்தது மெட்ராஸிலிருந்து, நூல் வருவது மெட்ராஸிலிருந்து, ஆகவே நாமும் மெட்ராஸோடு சேர வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டு பேரும் சங்கத்துக்கு உயிரைக் கொடுத்து உழைப்பவர்கள். இரண்டு பேரும் ஒருநாள் எல்லைப் பேச்சில் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டதில் சங்கத்துத் தண்ணீர்ப் பந்தலின் மூங்கில் முறிந்து கீற்று எல்லோர் தலையிலும் விழுந்தது.

அந்தப் பந்தல்தான் எங்கள் பெருமை. ஊர் ஓரமாகப் போகும் சாலை திருப்பதிக்குப் போகிற சாலை. புரட்டாசி பிறந்தால் மஞ்சள் துணி கட்டிய ஜனம் மெட்ராஸ் பக்கத்திலிருந்து நடந்தே வரும். வெயில் அப்போதும் குறைந்திருக்காது. மணல் பரப்பி, பெரிய மண் பானைகளை வரிசையாகப் பதித்து, மாதம் முழுக்கத் தண்ணீர் கொடுப்போம். எந்தத் தெருக்காரர் கிணற்றில் தண்ணீர் சேந்தினாலும் ஒரே பானையில்தான் ஊற்ற வேண்டும், யார் வந்தாலும் ஒரே சொம்பில்தான் கொடுக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலைவரும் தையற்காரரும் ஒரே கட்சி.

மூங்கில் முறிந்த அன்று என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அதை அன்றுதான் நான் பார்த்தேன். சங்கக் கூட்டத்தைக் கூட்டி ஒரு சட்டம் போட்டார். சங்கத்துக்காரன் எவனாவது மெட்ராஸ், ஆந்திரா என்று எல்லைப் பேச்சை எடுத்தால் அபராதம். எதிரிலிருக்கும் கிணற்றிலிருந்து பத்துக் குடம் சேந்திப் பந்தலில் ஊற்ற வேண்டும். கேட்டவர் யாராக இருந்தாலும் அபராதம் சொல்லலாம், மறுபேச்சு இல்லை.

சண்டையை நிறுத்தத்தான் அந்தச் சட்டம். சண்டை நிற்கவில்லை, பந்தலில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. வயலிலிருந்து வருகிறவன் பந்தலடியில் ஒரு வார்த்தையை வீசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போவான். தையற்காரர் இன்னும் ஒருபடி மேலே போனார். விடிந்ததும் வந்து பத்துக் குடத்தை முன்கூட்டியே ஊற்றிவிடுவார்.

"இது அட்வான்ஸு. இனிமே சாயங்காலம் வரிக்கும் எவனும் என் வாயக் கட்டக் கூடாது" என்பார்.

சுற்று வட்டாரத்தில் எந்த ஊர்ப் பந்தலிலும் மதியத்துக்கு மேல் பானையில் ஈரம்தான் இருக்கும். எங்கள் பந்தலில் ராத்திரியிலும் பானை வழியும்.

பந்தல் பொறுப்பை ஒரு வருஷம் நான் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வீடு தண்ணீர் சுமப்பது பெண்கள், தண்ணீர்ப் பந்தலுக்கு மட்டும் ஆம்பளை எதற்கு என்று கூட்டத்தில் கேட்டேன். முகம் சுளித்தார்கள். தலைவர் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "செய்யட்டும். ஒருநாள் பானை காஞ்சிதுன்னா அன்னிக்கே பொறுப்பக் குடுத்துடணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கென்ன பயம். ஊர் வாய் மூடப் போகிறதா என்ன.

மூடியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் மாவட்டத்தில் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். நல்ல சேவையும் நல்ல நிர்வாகமும் உள்ள தொண்டுச் சங்கம் எதுவோ, அதற்குச் சித்தூரில் விழா வைத்துக் கேடயம் கொடுப்பார்கள். அதற்கு முன்னால் ஓர் அதிகாரி ஊர் ஊராக வந்து பார்ப்பார். எங்கள் ஊருக்குப் புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் வருகிறார் என்று பிளாக் ஆபீஸிலிருந்து சேதி வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தூர், திருப்பதி என்று பெரிய ஊர்ச் சங்கங்களோடு எங்கள் கீற்றுப் பந்தலும் போட்டியில் நிற்கிறது. கேடயம் எவ்வளவு பெரிதாக இருக்கும், எங்கே மாட்டுவது என்று அப்போதே சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் விடிந்ததும் தலைவர் கூட்டம் போட்டார். "அதிகாரி கடப்பைக்காரரு. இந்த ஊர்ல மெட்ராஸ் கட்சி கீதுன்னு அவரு காதுல வியுந்தா கேடயம் போச்சு. அவரு வந்துட்டுப் போற வரிக்கும் ஒருத்தனும் எல்லையப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். தையற்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியமே செய்தார்.

ஊர் அடங்கிவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் அந்த ஊரில் கண்டதில்லை. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். தையற்காரர் வாயில் வெற்றிலையை அடைத்துக்கொண்டு மெஷினை மிதித்தார். நாங்கள் எல்லோரும் சாலையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், மாவிலை கட்டினோம், மூங்கிலுக்குக் காவி பூசினோம்.

சனிக்கிழமை வந்தது. ஜீப்பும் வந்தது. சங்கத்துக்காரர்கள் சலவைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். அதிகாரி இறங்குகிற அதே நேரத்தில் சாலையில் 'கோவிந்தா' சத்தத்தோடு ஒரு பெருங்கூட்டம் திரும்பியது. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி முதலில் பந்தலுக்குள் நுழைந்து கை நீட்டினாள். நான் மூடியைத் தூக்கிச் சொம்பை விட்டேன். சொம்பு அடியில் போய் உராய்ந்தது. அடுத்த பானை, அதற்கடுத்த பானை, எல்லாமே அப்படித்தான். ஊரில் யாரும் தப்புப் பேசவில்லை, அதனால் யாரும் சேந்தவில்லை. பானை தானாக நிரம்பும் என்று அத்தனை பேரும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பொறுப்பும் போச்சு, கேடயமும் போச்சு.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "ஏமண்டி, நீள்ளு லேவா?" தண்ணீர் இல்லையா என்று மெதுவாகத்தான் கேட்டார். தலைவர் முகம் சுண்ணாம்பு அடித்த கல்லாகிவிட்டது.

"மாமா, சேந்தச் சொல்லுங்க" என்று தலைவரிடம் கெஞ்சினேன். அவர் வரிசையைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. எனக்குக் காரணம் புரிந்தது. எங்கள் ஊரில் பந்தலுக்குக் குடம் எடுக்கிறவன் தப்புச் செய்தவன். ஆந்திராக்காரன் எடுத்தால் மெட்ராஸ்காரன் சிரிப்பான், இவன் எடுத்தால் அவன் சிரிப்பான். இத்தனை ஜனம் பார்க்கிற இடத்தில், செய்யாத தப்புக்கு யார் போய்க் கயிற்றைப் பிடிப்பது?

"நாங்க இன்னா பேசினோம், நாங்க ஏன் சேந்தணும்?" என்று வரிசையில் ஒருவர் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. சொம்பைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு, வரிசைக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். "திருப்பதி வரிக்கும் மெட்ராஸுக்குத்தான் சேரணும். இல்லன்னு சொல்ற ஆம்பள எவனாவது கீறானா?"

என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

தையற்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "அப்படிச் சொல்லு தங்கச்சி" என்றார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்தது. தலைவர் ஒரு கணம் அதிகாரியைப் பார்த்தார், ஒரு கணம் தையற்காரரைப் பார்த்தார். பாவம், அவரால் முடியவில்லை. "உன் நூலக் கொண்டுபோய் மெட்ராஸ்லயே கட்டு. புத்தூர் சந்தை இல்லன்னா இன்னாத்தத் துன்னுவ?" என்று பாய்ந்தார். அப்புறம் வரிசை ஏது, சலவைச் சட்டை ஏது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

நான் வீட்டுக்காரர் முழங்கையை இடித்தேன். "சொல்லுங்க." அவர் கண்ணைத் திறந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. "பத்துக் குடம்" என்றார், என்னைப் பார்த்துத்தான் முதலில். பிறகு தையற்காரரைப் பார்த்து, தலைவரைப் பார்த்து, ஒவ்வொருவராக, "பத்துக் குடம், பத்துக் குடம்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

கிணற்றடியில் அன்று நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். ராட்டினம் கிரீச்சிட ஒருவர் இழுக்க, அடுத்தவர் பிடுங்க, வாய் சண்டை போட, கால் ஓடியது. குடங்கள் தோளிலும் இடுப்பிலும் பறந்தன. சலவைச் சட்டைகள் நனைந்து உடம்போடு ஒட்டின. மஞ்சள் துணிக்காரர்கள் குடித்தார்கள், முகம் கழுவினார்கள், சிரித்தார்கள். குழந்தை அழுகையை விட்டுவிட்டுத் தையற்காரரை வேடிக்கை பார்த்தது. பானைகள் நிரம்பி மணல் ஊறித் தண்ணீர் சாலை வரைக்கும் ஓடியது. நான் என் பத்துக் குடத்தை ஊற்றி முடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியாது, இரண்டும் வந்திருக்கும்.

அதிகாரி கலவரம் என்று நினைத்து ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் போய்ச் சட்டத்தை விளக்கினார். அதிகாரி கேட்டார், மறுபடி கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில், சித்தூர் ஜில்லா ஆந்திராவில்தானே இருக்கிறது, இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தெலுங்கில் ஒரு வார்த்தை விட்டார்.

சத்தம் நின்றது. எல்லோரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கேடயம் இருந்தாலும் போனாலும் இதை விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"சார், பத்துக் குடம்" என்றேன்.

அவர் வாட்சைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். சேந்தத் தெரியவில்லை, பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போனது. ஆனாலும் ஒரு குடத்தைக்கூட மற்றவரை எடுக்க விடவில்லை.

சித்தூரில் விழா அன்று அவர்தான் மேடையில் பேசினார். மற்ற ஊர்களில் மக்கள் ஒற்றுமையாக இருந்து சேவை செய்கிறார்கள், இந்த ஊரில் சண்டை போட்டுக்கொண்டே அதைவிட நன்றாகச் செய்கிறார்கள், இதைவிடப் பெரிய நிர்வாகம் தனக்குத் தெரியாது என்றார். எங்கள் சங்கத்தின் பெயரைக் கூப்பிட்டபோது தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டு, "பந்தல் பொறுப்பு யாரோ அவங்க போய் வாங்கணும்" என்றார். நான் மேடைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கேடயம் நான் நினைத்ததைவிடச் சின்னது. அதனால் என்ன, வருகிற வழி முழுக்க பஸ்ஸில் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் எல்லை முடிவாகிவிட்டது. கோடு போட்டுவிட்டார்கள். திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, என் அம்மா வீடும் அதோடு போனது. எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றது. தையற்காரர் கடையை மூடிவிட்டுச் சில நாள் வெளியே வரவில்லை. தலைவர் கொண்டாடுவார் என்று பார்த்தோம், அவரும் சத்தமில்லாமல் இருந்தார். பேசி ஜெயிக்க இனி ஒன்றும் இல்லை.

புரட்டாசி பிறந்தது. பானைகளைப் பதித்துவிட்டு நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை முறை வைத்து ஆள் போட வேண்டியதுதான் என்று நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொண்டிருந்தோம். விடிந்து வெளிச்சம் வருகிற நேரத்தில் தையற்காரர் சாலையைக் கடந்து வந்தார். பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கேயோ பார்த்தபடி, "மெட்ராஸு" என்றார், அவ்வளவுதான்.

எனக்கு அபராதம் சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கும் வரவில்லை. பின்னாலிருந்துதான் குரல் வந்தது. தலைவர் எப்போது வந்தார் என்று நாங்கள் கவனிக்கவில்லை.

"பத்துக் குடம்" என்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆந்திரா" என்று அவரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, குடத்தைத் தூக்கிக் கிணற்றுப் பக்கம் நடந்தார். "நான் ஒண்டியா கெலிச்சி இன்னா பண்றது. வா, வந்து கயித்தப் புடி."