அம்மாவோடு வாருங்கள்

போன வாரம் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் ரோஸ்லின் அம்மாவைப் பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. சட்டென்று அடையாளம் தெரியவில்லை... அவ்வளவு மெலிவு.

ரோஸ்லின் அம்மா திருநங்கை. குளச்சல் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். கூடவே நாலைந்து மகள்கள். பெற்ற வீடு துரத்திய பிள்ளைகளை மகளாக ஏற்றுக்கொள்வது திருநங்கைகளின் வழக்கம். (பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் அவரேதான்.)

அந்த மகள்களில் ஒருத்தி ஷைனி. போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். டி.பி. என்றார்கள்.

டீ வாங்கிக் கொடுத்துத் துக்கம் விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாமோ?

"டி.பி. மேல வந்தது சாரே. உள்ள கெடந்தது எச்.ஐ.வி. அவ செத்த பொறவுதான் எனக்கே தெரியும்."

எப்படித் தெரிந்தது? எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் ஷைனியைத் தேடி வீட்டுக்கு வந்திருக்கிறார். இறந்துவிட்டாள் என்றதும் அந்தப் பெண் உடைந்துபோய்ச் சொல்லிவிட்டார் — "டெஸ்ட்ல தெரிஞ்ச அன்னைக்கே, அம்மாவையும் கூட்டிட்டு வான்னு சொன்னோமே... அப்புறம் வரவே இல்லையே!"

அந்த வாசகம் எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் அந்தத் திட்டத்தின் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கோ எழுதிய திட்டம் திருநங்கைகளுக்கு ஒத்துவராது, இவர்கள் பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றிவிட்டோம் என்றார் அதிகாரி. எப்படி மாற்றினார்கள்? திருநங்கைகளுக்கு அம்மா சொல்தான் வேதம். ஆகவே, சிகிச்சைக்கு அம்மாவும் கூட வரட்டும்! போஸ்டர்கூட அடித்திருந்தார்கள். அம்மா, மகள், நடுவில் சிரிக்கும் டாக்டர். கீழே 'அம்மாவோடு வாருங்கள்'. நல்ல எண்ணம்தான். எல்லோரும் கைதட்டினோம்.

"ஷைனி ஏன் உங்ககிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்லுவா? நான்தானே தெனமும் வாயடிச்சேன்... 'சீக்கு வாங்கிட்டு வந்தா எனக்க வீட்டுப் படி சவுட்டப்பிடாது'ன்னு. பிள்ளைக பயந்து சூதானமா இருக்கட்டும்னு சொன்னது சாரே. வெரட்டவா சொன்னேன்?"

ஒரு வீடு ஏற்கெனவே துரத்திய பிள்ளை. இன்னொரு வீட்டையும் இழக்கத் துணியுமா?

ரோஸ்லின் அம்மா துணிப்பையைத் திறந்து காட்டினார். மாத்திரை டப்பாக்கள். எனக்குப் புரியவில்லை.

"எனக்குத்தான். வருசக் கணக்கா திங்கேன். இங்க வாங்கினா ஊரு அறியும். ஊருக்குச் சமைக்கவளுக்கு இந்தச் சீக்குன்னா எவன் எலையில கை வைப்பான்? அதான் மாசாமாசம் அங்க போறது. பிள்ளைகள்ட்ட முட்டுவலி வைத்தியம்னு பறஞ்சேன்."

சோற்றில் பரவாது என்று போஸ்டர் சொல்லும். பந்தியில் உட்கார்ந்தவன் நம்ப வேண்டுமே!

ஆக, ஒரே வீடு. ஊருக்கும் மகளுக்கும் தெரியக் கூடாது என்று கேரள எல்லை தாண்டிப் போய் மருந்து வாங்கிய அம்மா. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று மருந்தே வாங்காமல் செத்துப்போன மகள். மருந்து டப்பா இருந்த அடுக்களைக்குப் பக்கத்து அறையில்தான் அவள் இருமிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அம்மா சொல்தான் வேதம் என்பது பண்பாடு — சரி. அந்த அம்மாவிடம் மறைப்பது? அதுவும் பண்பாடுதானே... மார்பில் ஒரு கட்டி என்றால் நம்மில் யார் முதலில் அம்மாவிடம் ஓடுகிறோம்? 'அவங்க தாங்க மாட்டாங்க' என்று கடைசியாகச் சொல்வதே அவரிடம்தான். தனியாகவும் வரலாம் என்று அந்தப் போஸ்டரில் ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? வீடு திரும்பிய பிறகு அந்த அதிகாரியிடம் போனில் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்.

அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே குளச்சல் பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவர் திரும்பி நின்றார்.

"மாசாமாசம் போறேன் சாரே. பஸ்ஸுல எனக்க பக்கத்துல ஒருத்தரும் வந்து இருக்க மாட்டாவ. அந்த சீட்டு காலியாத்தான் கெடக்கும்... எனக்க பிள்ளை அதுல உக்காந்து வந்திருக்கலாம்."