லீக்ஸுக்கு நடுவில் மாமா

சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொல்லி நாலு நாள். வன்னியில் இருந்த மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி அவர். டேனிஷ் நகரமான ஹோர்சன்ஸில் எங்கள் வீட்டில் சோறு அவிந்தது, நான் கிடங்கு வேலைக்குப் போய் வந்தேன். யாரும் அழவில்லை. அழுவதற்கும் ஒரு செய்தி வேண்டுமே.

அக்கா படம் செய்பவள். வரையமாட்டாள், வெட்டி ஒட்டுவாள். விதைக் கடைப் புத்தகம், சுப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள், எதில் செடிகொடி இருந்தாலும் அவளுடைய கத்தரிக்கோல் உள்ளே போய்விடும். அடுத்த மாதம் நூலகத்தில் மாட்டப் படங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான்தான் அவளுடைய கலை ஆலோசகர்.

“அந்த ரோசாவை வெட்டாதை அக்கா. ரெண்டு வாங்கினா ஒண்டு இலவசமாம்.”

“வாயை மூடிக்கொண்டு பசையைத் தா.”

அன்று அவள் எடுத்தது மாமாவின் படம். சைக்கிளில் சாய்ந்துகொண்டு பல் தெரியச் சிரிக்கிறார். பிரதி எடுத்தால் முகம் கறுப்பாய் வந்தது, அதனால் அசலையே ஒட்டிவிட்டாள். சுற்றிவரச் செவ்வந்தி, மஞ்சளாக, நெருக்கமாக. பாதியை வெட்டியது நான்.

“மாமா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்,” என்றேன்.

அம்மா முதியோர் இல்ல வேலை முடிந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே மேசைக்கு முன்னால் நின்றார்.

“ஆர் போன் எடுத்தது?”

“ஒருத்தரும் எடுக்கேல்லையே.”

“எனக்கு ஒளிக்காதையுங்கோ. எப்ப போனவனாம்?”

அப்போதுதான் நான் படத்தைப் பார்த்தேன். கோல்டிங் நகரிலும் சரி, இங்கேயும் சரி, எந்தத் தமிழ் வீட்டுக்குள் போனாலும் பூக்கள் சூழ்ந்த படம் ஒன்று இருக்கும். அதில் இருப்பவர் உயிரோடு இருப்பதில்லை. பார்த்துப் பார்த்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை.

அக்கா, இது வெறும் கொலாஜ் என்று டேனிஷில் சொன்னாள். பிறகு தமிழிலும் சொன்னாள்.

“பூவைக் கழட்டு,” என்றார் அம்மா.

“காய்ஞ்சிட்டுது அம்மா. உரிச்சா முகமும் சேர்ந்து வரும்.”

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. மேசையில் அந்தக் கிழமை விளம்பரத் தாள், மரக்கறிப் பக்கம் விரிந்து கிடந்தது.

“அப்ப மேல லீக்ஸை ஒட்டுவம். லீக்ஸில ஒருத்தரும் மாலை கட்டமாட்டினம்.”

பகிடியாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

“வெட்டு,” என்றார் அம்மா.

மூவரும் இருந்து வெட்டினோம். லீக்ஸ், கரட், கோவா. சமையலுக்கு நறுக்குவது போல அம்மா கத்தரிக்கோலை நிறுத்தாமல் ஓட்டினார். கடைசிச் செவ்வந்தி மறையும்வரை ஒட்டினோம்.

அந்தப் படம் நூலகத்துக்குப் போகவில்லை. கூடத்தில் மாட்டினோம். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் ஒருநாள், இவர் தோட்டக்காரரா என்று கேட்டார். ஓம் என்று அம்மா தலையாட்டினார்.

போன் இன்னும் வரவில்லை. எப்போதாவது வெயில் பட்டு லீக்ஸின் ஓரம் கிளம்பும், அடியில் மஞ்சள் தெரியும். அம்மா பசையை எடுத்துக்கொண்டு வருவார்.